புல்வெளி தரிசு நிலமன்று

பெங்களூர் பிரேசர் டவுன் போன்ற பகுதிகளில் வாழ்வோருக்கு மரமே இயற்கையின் அடையாளம். நிழல் மரங்கள் நிறைந்த தெருக்களில் பழகிய கண், மரமற்ற நிலத்தில் ஏதோ குறைவதாகவே கருதும். கோடை விடுமுறையில் இங்கிருந்து நீலகிரிக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும், மலையில் விளக்கம் கூறும் களப்பணியாளர்களும் இக்கருத்தைத் திருத்துவது அவசியமாகும்.

நீலகிரியின் மேற்கு விளிம்பில் முக்குருத்தி தேசியப் பூங்கா அமைந்துள்ளது. சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பிரதேசம் 1982இல் சரணாலயமாகவும், 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. முக்குருத்திச் சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். இறந்தோர் மறுவுலகு புகும் வாயில் அச்சிகரமே என்பது தோடர்களின் நம்பிக்கை. இங்கே மலைச்சரிவுகளைப் புல் போர்த்தியிருக்கிறது. நீரோடும் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடுகள் அடர்ந்துள்ளன. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வது இப்புல்வெளியிலேயாம். 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, மாநிலத்திலுள்ள வரையாடுகளை 1,303 என மதிப்பிட்டது.

பயிரும் வரியும் தராத நிலத்தை ஆங்கில நிர்வாகம் ‘வீண் நிலம்’ என்று பொருள்படும் சொல்லால் குறித்தது. அதனைத் தமிழில் ‘தரிசு’ என்றே எழுதிவருகிறோம். உழவர் வழக்கில் தரிசு என்பது பயிரிடாமல் விடப்பட்ட நிலம், உழுதால் விளையக்கூடியது. ஏரே காணாத மலைப்புல்வெளிக்கு அச்சொல் எவ்வாறு பொருந்தும்?

பெயர் பிழைபட்டால் செயலும் பிழைபடும். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட சீகை மரங்கள், விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் 20ஆம் நூற்றாண்டில் பெருமளவில் புல்வெளிகளில் நடப்பட்டன. அவை தாமாகவே பரவி, புல்லை நிழலால் அழித்தன. இன்று அவற்றை அகற்றப் பொதுப்பணம் செலவாகிறது.

ஆதியில் காடாயிருந்த இடமே மனிதர் வெட்டியதால் புல்வெளியாயிற்று என்று வாதிப்போர் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும் பிறரும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடையளிக்கிறது. நீலகிரிச் சதுப்புகளில் மட்கிப் படிந்த தாவரப் படிவுகளை அவர்கள் சோதித்தனர். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பன்–13 என்னும் ஐசோடோப்பை வெவ்வேறு விகிதத்தில் ஏற்பதால், எக்காலத்தில் எவை ஓங்கியிருந்தன என்பதைப் படிவே காட்டிவிடும். சுமார் 20,000 ஆண்டுகளாகக் காலநிலைக்கேற்பப் புல்லும் காடும் மாறிமாறி ஓங்கி வந்தமை இதனால் புலனாயிற்று. கோடரி வருவதற்கு நெடுங்காலம் முன்பே புல்வெளி அங்கே இருந்தது.

ஆகவே, மலையேறுவோர் நினைவுக்காக ஒரு மரக்கன்றை நட்டுத் திரும்பும் வழக்கத்தை உயர்மலைப் புல்வெளிகளில் அறவே விலக்குதல் வேண்டும். வனத்துறையின் அனுமதியின்றி முக்குருத்திக்குள் செல்லலாகாது. அனுமதி கிட்டாதோர் அதனை இழப்பாக எண்ண வேண்டுவதில்லை. ஆள் நடமாட்டம் குறைவாயிருத்தலே வரையாட்டுக்கு நன்மை. உதகையைச் சுற்றி எஞ்சியுள்ள புல்வெளிகளிலும் இப்பாடத்தைக் கற்பிக்க இயலும். களக்குறிப்பேட்டிலும் கரும்பலகையிலும் ‘தரிசு’ என்பதை அடித்துவிட்டுப் ‘புல்வெளி’ என்று எழுதுவோமாக. மரம் வளர்க்கக் கற்பித்த நாம், மரம் நடத்தகாத இடத்தையும் மாணவருக்குக் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.