ஏழுமலைக்கு எத்தனை பெயர்?

தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்தது எங்கள் மணலூர்பேட்டை. ஏழுமலை என்ற பெயருக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. தமிழில் எழுதினால் அது ஒரே பெயர். ரோமன் எழுத்தில் எழுதினாலோ பலவாகிறது! பள்ளிப் பதிவேட்டில் ழகரத்திற்கு இசட், எச் என இரண்டெழுத்து. வங்கிப் புத்தகத்தில் வெறும் எல். ஆதார் அட்டையில் முன்னால் ஓர் ஒய். மூன்று ஏட்டில் மூன்று மனிதர்! முதுமையில் உதவித்தொகை கேட்டு நிற்கையில், "நீர்தான் அவர் என்பதற்குச் சான்று எங்கே?" என்கிறது அலுவலகம். உழைத்துக் காய்த்த கை சான்றாகாதாம்; ஓர் எழுத்து சான்றாகுமாம்!

"எல்லாம் தலையெழுத்து" என்று நெற்றியைத் தடவுகிறார் அந்த முதியவர். தலையெழுத்தல்ல, பெரியவரே! அது எழுத்தர் எழுத்து!

"தமிழ் ஒலி ரோமன் எழுத்தில் அடங்காது, என்ன செய்வது?" எனக் கைவிரிப்போர் உண்டு. அடங்காதா? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனித்தனி ரோமன் குறியை வகுத்துக் காட்டியதே! அறிஞர் ஏட்டில் அடங்கிய ஒலி, ஏழை அட்டையில் மட்டும் அடங்காதோ?

தைவானைப் பாருங்கள். அம்மக்களின் தாய்மொழியில் ஓகாரம் போன்ற ஒலிகள் இரண்டு. ரோமனில் எழுத்தோ ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் வளர்த்த எழுத்துமுறையில், அவ்வெழுத்தின் வலத்தோளில் ஒரு புள்ளி வைத்து இரண்டையும் பிரித்தனர். 1885இல் தைனான் நகரில் தோன்றிய திருச்சபை இதழ் அவ்வெழுத்திலேயே வெளிவந்தது. 1969இல் அரசின் தடை அதை நிறுத்தியது. 2006இல் கல்வி அமைச்சகம் ஏற்ற முறையிலோ, புள்ளிக்குப் பதில் அதே எழுத்து இரட்டித்து வந்தது. புள்ளி போயிற்று, வேறுபாடு போகவில்லை!

இது நமக்குப் புதிதா? எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடச் சொன்னது தொல்காப்பியம். ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டனர். 'கொடு' எது, 'கோடு' எது என்ற குழப்பம் வந்தது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் நெடிலுக்கு வேறு வடிவம் தந்து குழப்பத்தைத் தீர்த்தார். 1935இல் பெரியார் 'குடிஅரசு' ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். 1978இல் அது அரசாணையாயிற்று. தமிழ் அழிந்தா போயிற்று? எழுத்து தெய்வமன்று, கருவி! கருவி மழுங்கினால் தீட்டுவது அறிவு. மழுங்கலையே வணங்குவது மடமை!

2020இல் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தமைப்பை மாற்ற ஆணையிட்டது. எண்ணம் நன்று, முறையோ அரைகுறை. கோயம்புத்தூரின் முதல் நெடிலுக்கு ஒற்றை 'ஓ', குறிலுக்கும் அதுவே! கேலி எழுந்தது, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிழையைத் திருத்தியிருக்க வேண்டும், திருத்தத்தையே கைவிடலாமா?

அரசை மட்டும் குறைகூறி ஆசிரியர்களாகிய நாங்கள் தப்ப முடியாது. பதிவேட்டில் மாணவர் பெயரை மனம்போன போக்கில் எழுதுவோர் நாங்களே. போதாக்குறைக்கு எண்சோதிடம் வேறு! அதிர்ஷ்டம் வருமென்று பெற்றோர் கூடுதலாக ஓர் எழுத்தைச் செருகச் சொல்கின்றனர், நாங்களும் செருகுகிறோம். அதிர்ஷ்டம் வருவதில்லை, பிள்ளைக்குப் பின்னாளில் அலைச்சல்தான் வருகிறது!

எனவே கேட்கிறோம்: அரசு ஒரே ஒலிபெயர்ப்பு அட்டவணையை வெளியிடட்டும். தட்டச்சுப் பலகையில் உள்ள எழுத்துகளே அதற்குப் போதும். குறிலும் நெடிலும் வேறாகட்டும். ல, ள, ழ மூன்றும் வேறாகட்டும். பள்ளியும் வங்கியும் ஆட்சியர் அலுவலகமும் அதையே பின்பற்றட்டும். பழைய ஏடுகளில் எழுத்து வேறுபட்டால், தமிழில் எழுதிய பெயரே முடிவான சான்றாகட்டும்.

தமிழ்நாட்டில் தமிழனின் பெயருக்குத் தமிழே சான்று! இதைக் கேட்கவும் தயங்குவோமா, தோழர்களே?