சுவரொட்டியில் இருக்கும் சிவாஜி

சாதிப் பெருமிதச் சுவரொட்டிகளில் சிவாஜி கணேசன் வரும்போது பெரும்பாலும் 'தேவர் மகன்' பெரிய தேவராகத்தான் வருகிறார். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'சிவாஜி' என்று அச்சிடுகிறவர்களுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா?

தந்தவர் பெரியார். 1940களின் நடுவில் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் வி.சி.கணேசன் மராட்டிய மன்னனாக நடித்ததைப் பார்த்துச் சூட்டிய பெயர் அது. அந்த நாடகம் வாள்வீச்சைக் கொண்டாட எழுதப்பட்டதல்ல. போரில் வென்று நாட்டைப் பிடித்த ஒருவன், சூத்திரன் என்பதாலேயே முடிசூட முடியாமல் காகபட்டரின் தயவுக்குக் காத்து நிற்கிற கதை. (காகபட்டராக நடித்தவர் அண்ணாவேதான்.) ஆண்ட பரம்பரைக் கனவுக்கு எதிரான நாடகத்தில் கிடைத்த பெயரைத்தான் இன்று ஆண்ட பரம்பரைச் சுவரொட்டி சுமக்கிறது.

'பராசக்தி' (1952) கணேசன் பிறகு திருப்பதி போனதையும், தி.மு.க.வை விட்டுக் காங்கிரசுக்குப் போனதையும் துரோகக் கதையாக எழுதுவது சுலபம். எனக்கு அதில் அக்கறை இல்லை. அவருடைய உடல் செய்த வேலைதான் முக்கியமாகப் படுகிறது.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் நாதஸ்வரக் கலைஞனின் ரோஷம். இரண்டே ஆண்டில் 'வியட்நாம் வீடு' பிரெஸ்டிஜ் பத்மநாபனின் அக்கிரகாரப் பேச்சு. நடை, குரல், துண்டு போடும் விதம், நாற்காலியில் சாயும் விதம் என எல்லாமே மாறுகின்றன. சாதி ரத்தத்தில் ஓடுவதில்லை, பழக்கத்தில் இருக்கிறது, பழகினால் எவருக்கும் வரும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய உடல் தமிழில் வேறில்லை. அவர் அதை நினைத்துச் செய்தாரா என்பது வேறு கேள்வி.

பத்மநாபனைப் பார்த்துவிட்டு அவரை யாரும் அய்யர் ஆக்கவில்லை. 1992இல் பெரிய தேவரைப் பார்த்தபோது மட்டும் வேடத்தையும் பிறப்பையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கமல்ஹாசன் எழுதிய அந்தப் படம் அரிவாளைக் கீழே போடச் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் பாடல் தென்மாவட்ட ஒலிபெருக்கிகளில் எதற்குப் பயன்பட்டது என்பது அந்த ஊர்களின் சேரிகளுக்குத் தெரியும். படம் நம்மை ரசிக்கச் சொன்னது பெரியவரின் கம்பீரத்தை. அந்த வீட்டுக்காகக் கையை இழந்த வடிவேலுவின் இசக்கிக்கு என்ன ஆனது என்று அது அதிகம் கவலைப்படவில்லை.

அந்தக் கவலையோடு வந்த படம்தான் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' (2023). அதில் சண்டை, வடிவேலு நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்பதில்தான் தொடங்குகிறது.