ஹோஸும் கட்டுக்கம்பியும் ஒரு கணக்கும்

பி.காம். படிக்கிறவனுக்கு ஹோஸ் பைப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை :-) ஆனால் திருச்செங்கோட்டுப் பக்கம் சொந்தம் இருந்தால் ரிக் வண்டி பற்றித் தெரியாமல் இருக்க முடியாது. வடநாடு வரை போய் போர் போடுகிற வண்டிகளில் நிறைய அந்த ஊர்க்காரர்களுடையது.

போன கோடையில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா பையன்தான் வண்டி மேனேஜர். வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். 400 அடி தாண்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம். என்ஜின் பக்கத்தில் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து ஆயில் மழை! நல்லவேளை, சூடான சைலன்சர் மேல் படவில்லை. ராடு குழிக்குள் நிற்கிறது, தோட்டத்துக்காரர் முகம் சுருங்கிவிட்டது. புது ஹோஸ் வர மறுநாள் மதியம் ஆயிற்று.

காரணம்? ஹோஸைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள். என்ஜின் அதிர அதிர, அந்தக் கம்பியே ரம்பம் மாதிரி அறுத்திருக்கிறது.

"ஏனுங்ணா, முன்னாடியே பாக்கலீங்களா?" என்றேன்.

"பாத்தோம்டா. ஒழுகலையே, எதுக்கு மாத்தறதுன்னு உட்டுட்டோம்."

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஹைட்ராலிக் ஹோஸில் உள்ளே ஒரு ரப்பர் குழாய், அதன் மேல் ஸ்டீல் கம்பி வலை, அதற்கு மேல் இன்னொரு ரப்பர். வெளி ரப்பர் தேய்ந்தால் ஒழுகாது. ஆனால் அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் கம்பி வலைதான். அது வெளியே தெரிந்தால் துருப்பிடித்து ஒவ்வொரு இழையாக அறும். கார் டயரில் சுமார் 2 பார் அழுத்தம். இதில் 200 பார் வரை கூட இருக்கும். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை:

1. கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். உள்ளே ரப்பர் வைத்த கிளாம்ப், ஹோஸ் அளவுக்குச் சரியாக. லூஸாக இருந்தால் கிளாம்புக்குள்ளேயே உரசும்.

2. ஹோஸை விறைப்பாக இழுத்து மாட்டக்கூடாது. அழுத்தம் ஏறும்போது அது 4 சதவீதம் வரை சுருங்கலாம், 2 சதவீதம் வரை நீளலாம். அதற்கு இடம் விட வேண்டும்.

3. தகட்டு ஓட்டை வழியாகப் போனால் விளிம்பில் ரப்பர் வளையம். சட்டத்தில் உரசும் இடத்தில் பழைய ஹோஸை நீளவாக்கில் கீறி மேலே போர்த்தலாம். செலவே இல்லை.

4. ஒழுகலைக் கையால் தடவித் தேடாதீர்கள்! ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க முள் குத்தின மாதிரிதான் இருக்கும், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கையையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள்.

மீன்பிடிப் படகில் நிலைமை இன்னும் மோசம். என்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கிற ஹோஸ் உரசி அறுந்தால் கடலே படகுக்குள் வந்துவிடும். ஆனால் நம் கிழக்குக் கரையில் அவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு, என்ஜின் வேலை பார்க்க நேரம் கிடைக்கிறது. ரிக் வண்டிக்கோ அதே கோடைதான் சீசன். நிறுத்திப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். கிளாம்ப் வாங்கினால் கணக்கில் உடனே செலவாக ஏறுகிறது. வண்டி ஒன்றரை நாள் சும்மா நின்றதை எழுத அந்த நோட்டில் இடமே இல்லை. அந்த நஷ்டத்துக்கு ஒரு பில்லும் வராது. அதனால்தான் முதலாளிக்குக் கிளாம்ப் தண்டச் செலவாகத் தெரிகிறது. வண்டி நின்ற நாளையும் அதன் காரணத்தையும் ஒரு வருஷம் தனியாக எழுதிப் பார்க்கட்டும், பிறகு கட்டுக்கம்பியைத் தொடவே மாட்டார்.

அண்ணனிடமும் இதைச் சொன்னேன். "படிக்கற பையன் சொல்றான், கேட்டுக்கறோம்" என்று சிரித்தார். அடுத்த முறை போனபோது நாலு ஹோஸில் கிளாம்ப் இருந்தது. மீதி எல்லாம் இன்னும் கட்டுக்கம்பிதான்.