கடிவாளத்தைப் பிடிச்சிருக்கிறவர் யார்?

"நாங்கள் குதிரை ஓடப் பழகுறோம்" எண்டு சொன்னால் கம்பஸில் மூன்று விதமான பதில் வரும். முதலாவது சிரிப்பு. இரண்டாவது, "அப்ப வீட்டில நல்ல வசதி போல" எண்ட ஒரு பார்வை. மூன்றாவது, "எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோவன், ஒரு போட்டோ எடுக்க." மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைச்சுப் போனதால், சொல்ல நினைச்சதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம்.

நாங்கள் மூன்று பேர். பேராதனைக் கலைப்பீடம். ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி மட்டக்களப்பு, மற்றவள் நானுஓயாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். மாதத்தில் ஒரு தடவை, காசு இருந்தால் இரண்டு தடவை, சனிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறுவோம். கம்பளை, புசல்லாவை, ரம்பொடை எண்டு வளைஞ்சு வளைஞ்சு நுவரெலியா போய்ச் சேர இருட்டிவிடும். இரவு அவளின் வீட்டில். விடியக்காலை லாயத்தில். மஹாபொலக் காசில் மிச்சம் பிடிச்சதுதான் எங்கட முதலீடு. சப்பாத்து ஒரு சோடி இரவல், தலைக்கவசம் லாயத்தில் உள்ளது. இந்த அளவுக்குத்தான் எங்கட "வசதி".

ஆனால் பணக்கார விளையாட்டு எண்ட குற்றச்சாட்டை நாங்கள் முழுசாக மறுக்கப் போவதில்லை. குதிரை வளர்ப்பது செலவான விஷயம்தான். எங்களுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று தெரியுது. எங்கட பேச்சில் சைக்கிள் ஓடுவோம், வான் ஓடுவோம். அதே சொல்லைத்தான் குதிரைக்கும் போடுறோம். சொல் பிழையில்லை. அந்தச் சொல்லோடு சேர்ந்து வாற எண்ணம்தான் பிழை. குதிரை எங்கேயோ தயாராக நிற்கும், நாங்கள் போய் ஏறுவோம், பத்து நிமிசம் சுத்துவோம், இறங்குவோம், காசு கொடுப்போம். ஏறுறதுக்கு முன்னமும் இறங்கினதுக்குப் பிறகும் அந்தக் குதிரைக்கு என்ன நடக்குது, யார் அதைப் பார்க்கிறார் எண்ட கேள்வி அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எப்படிப் போகுது எண்டு சொல்றோம். குளிரில் விரல் விறைச்சுப் போயிருக்கும். முதல் வேலை லத்தி அள்ளுறது. இரவு நனைஞ்ச வைக்கோலைக் கூட்டி வெளியில் போட்டு, காய்ஞ்சதை விரிக்க வேணும். பிறகு தண்ணி வாளி. சும்மா நிற்கும் குதிரையே ஒரு நாளைக்கு 20 லீட்டருக்கு மேல் குடிக்கும், வேலை செய்தால் இன்னும் கூட. அடுத்தது பிரஷ் போடுறது. முதுகிலும் வயிற்றுப் பட்டி வரும் இடத்திலும் ஒரு சின்னக் கல்லோ காய்ஞ்ச சேறோ இருந்தாலும், அதுக்கு மேல் சேணம் வைச்சால் புண்தான். பிறகு நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்புக்குள் அடைஞ்சிருக்கிற மண்ணையும் கல்லையும் கொக்கியால் தோண்டி எடுக்க வேணும். குளம்பு நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு, எட்டுக் கிழமைக்கு ஒருக்கால் சீவாவிட்டால் கால் நிற்கும் கோணமே மாறிவிடும்.

சாப்பாடு இன்னொரு பாடம். இந்தப் பெரிய உடம்புக்கு இரைப்பை சின்னன். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கப் புல்லு தின்ன வேணும். ஒரேயடியாகத் தவிட்டையும் கொள்ளையும் கொட்டினால் வயிற்றுவலி வந்துவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அந்த வயிற்றுவலி சிலநேரம் உயிரையே எடுத்துவிடும். "பாவம், பசிக்குதாக்கும்" எண்டு வாற ஆக்கள் எல்லாம் பாணும் பிஸ்கட்டும் நீட்டுறதை இதைத் தெரிஞ்ச பிறகு எங்களால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியுறதில்லை.

இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் ஏறுறது. அதுவும் முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலத்தின் சந்தோசத்தை மறைக்க மாட்டோம். நடையிலிருந்து குதிரை ட்ரொட்டுக்கு மாறும்போது முதலில் எலும்பெல்லாம் கழன்று விழுற மாதிரி இருக்கும். பிறகு ஒரு நாள், அந்த இரண்டு தட்டுத் தாளத்துக்கு உடம்பு தானாக எழும்பி இருக்கத் தொடங்கும். அண்டைக்கு எங்களில் ஒருத்தி லாயத்துக்குள்ளேயே பாட்டுப் படிச்சாள். கடிவாள வாரை இழுத்துப் பிடிச்சால் குதிரை தலையைத் தூக்கி எதிர்க்கும். கையைத் தளர்த்தி, மூச்சை விட்டு, இடுப்பில் பாரத்தை இறக்கினால் அது கேட்கும். அதட்டி ஒண்டும் நடக்காது எண்டதை இவ்வளவு கெதியாகப் படிப்பிக்கிற இன்னொரு வகுப்பை நாங்கள் கண்டதில்லை.

இதை எங்களுக்குப் படிப்பிச்சவர் லாயத்தில் வேலை செய்யுற ஒரு அண்ணன். சின்ன வயசிலேயே குதிரைக்குப் புல்லு வெட்ட வந்தவராம். காதின் திசையைப் பார்த்தே "இண்ணைக்கு இவளுக்கு மனசு சரியில்ல, தங்கச்சி, கொஞ்ச நேரம் சும்மா நடக்க விடுங்க" எண்டு சொல்லுவார். குதிரைக்கு நேர் முன்னுக்கும் நேர் பின்னுக்கும் கண் தெரியாது, பக்கவாட்டில்தான் கிட்டப் போக வேணும் எண்டதை முதல் நாளே அவர்தான் தோளைப் பிடிச்சு நகர்த்திக் காட்டினார். நாங்கள் அவரைச் சேர் எண்டு கூப்பிட்டால் வெட்கப்படுவார். வாற ஆக்கள் அவரைக் கூப்பிடுறது, "டேய், குதிரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு."

நுவரெலியாவில் இந்தக் காட்சி புதுசில்லை. தோட்டங்கள் தொடங்கின காலத்தில் வெள்ளைத் துரைமார் மலையெல்லாம் குதிரையில்தான் சுத்தினார்கள். அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் எப்பவும் ஒரு குதிரைக்காரர் இருந்தார். துரையின் குறிப்புகளிலும் பழைய படங்களிலும் அவர் இருப்பார், பெரும்பாலும் பெயரில்லாமல். தென்னிந்தியாவிலிருந்து வந்து அந்த வேலையைச் செய்தவர்கள் எங்கட ஆக்கள். இப்ப துரை இல்லை. மேலே இருக்கிறது சுற்றுலாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர், கொழும்புக் குடும்பம், பச் ரிப்பில் வந்த நாங்கள். கீழே கயிற்றைப் பிடிச்சு நடக்கிறவர் மட்டும் மாறவில்லை. எத்தினையோ தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவை வைச்சிருக்கிற ஒரு மனிசரை, கயிறு பிடிக்கிற கூலி எண்டு மட்டும் பார்க்கிறோம்.

பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கிருந்த அரசர்கள் அரேபிய, பாரசீகக் கரைகளிலிருந்து வருசா வருசம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினதை எழுதியிருக்கிறார். கப்பலில் வந்த குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாமல் செத்துப் போனதாம். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிஞ்ச ஆக்களைக் குதிரை வியாபாரிகள் இந்தப் பக்கம் வரவிடவில்லை எண்டும் சொல்லுறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருசமும் வியாபாரம். பயணிகள் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுச் சொல்லுவார்கள்தான். எண்டாலும் மாணிக்கவாசகர் கதை தொடங்குறதே அரசன் குதிரை வாங்கப் பொன் கொடுத்து அனுப்பினதில் எண்டதை யோசிச்சுப் பாருங்கோ. குதிரைக்குக் கொட்டிக் கொடுக்கப் பொன் இருந்தது. குதிரையைப் பார்க்கத் தெரிஞ்ச கைக்கு மதிப்பு இருந்ததா எண்டதுதான் எங்கட கேள்வி.

"பெம்பிளைப் பிள்ளையளுக்கு ஏன் இது?" எண்டு கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில், ஒரே பதக்கத்துக்கு நேருக்கு நேர் நிற்கிற விளையாட்டு குதிரையேற்றம். 1952இல் ஹெல்சின்கியில்தான் அதில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்தார்கள். அந்த வருசமே டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் எடுத்தார். போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே இயங்காதவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு மற்றவர்கள் உதவ வேண்டியிருந்தது. மேடையில் ஏற அவருக்குக் கை கொடுத்தவர் தங்கப் பதக்கம் எடுத்த சுவீடன் வீரர். அவரின் கதையை எல்லாரும் தனி மனிச மனவுறுதிக்கு உதாரணமாகச் சொல்லுவார்கள். எங்களுக்கு அதில் பிடிச்சது அவரைத் தூக்கி இருத்தின அந்தக் கைகளும்தான். ஒருத்தரும் தனிய குதிரை ஏறுறதில்லை.

சரி, அப்ப என்ன செய்யச் சொல்லுறீங்க? "காசுக்குக் குதிரை ஏறுறதே கொடுமை, ஒருத்தரும் போகக்கூடாது" எண்டு எங்கட நண்பர்கள் சிலர் சொல்லுறார்கள். அவர்களின் இரக்கம் விளங்குது. ஆனால் ஏப்ரலிலும் டிசம்பரிலும் சனம் நிறையும் ஊரில், மழை மாதங்களிலும் குதிரை தின்னத்தான் வேணும். சீசனில் உழைச்சதில்தான் மிச்ச மாதத்துப் புல்லும் கொள்ளும். நாங்கள் எல்லாரும் நாளைக்கே நிறுத்தினால் முதலில் மெலியப்போறது குதிரை, அடுத்தது அந்த அண்ணனின் வீடு. அதுக்காக இப்ப நடக்கிற மாதிரியே நடக்கட்டும் எண்டும் சொல்ல முடியாது. முதுகில் புண்ணோடு, தாரோட்டில், ஒருத்தர் இறங்க அடுத்தவர் ஏறி, நாள் முழுக்க நடக்கிற குதிரைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எங்கட நிலைப்பாடு இரண்டுக்கும் நடுவில். ஏறுங்கோ, ஆனால் பார்த்து ஏறுங்கோ. விலா எலும்பு எண்ணக்கூடிய மாதிரித் தெரியுதா? வாய் ஓரத்திலும் வயிற்றுப் பட்டிக்குக் கீழும் புண் இருக்கா? நடக்கும்போது தலை ஒரு பக்கம் ஆடி ஆடி விழுதா? அப்படியெண்டால் அது நொண்டுது. பக்கத்தில் தண்ணியும் நிழலும் இருக்கா? இதில் ஒண்டு பிழைச்சாலும் ஏறாதீங்கோ, ஏன் ஏறவில்லை எண்டு மரியாதையாகச் சொல்லிவிட்டு வாங்கோ. நாலு பேர் அப்படிச் சொன்னால் ஐந்தாவது நாள் புண்ணுக்கு மருந்து போடுவார்கள்.

பிறகு எடைக் கணக்கு. சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் 20 வீதத்துக்கு மேல் ஏத்தக்கூடாது எண்டது குதிரைக்காரர்கள் பரவலாகப் பாவிக்கிற அளவு. 300 கிலோ உள்ள சின்னக் குதிரைக்கு அது 60 கிலோ. சேணம் 10 கிலோ எண்டால், ஏறுறவர் 50 கிலோவுக்குள் இருக்க வேணும். நுவரெலியாவில் கண்ட சின்னக் குதிரைகளை நினைச்சுப் பாருங்கோ, பிறகு எங்கட பச் பெடியன்மாரையும் நினைச்சுப் பாருங்கோ. இரண்டு பேர் ஒரே குதிரையில் ஏறி எடுத்த படங்களுக்கு இதயம் போடுறதை எண்டாலும் நிறுத்தலாம்.

நெடுந்தீவுக்குப் போறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கை நிற்கிறது ஒருத்தரும் கடிவாளம் போடாத குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்ததன் வழிவந்தவை எண்டு சொல்லுவார்கள். பழைய லாயத்தின் தூண்கள் இண்டைக்கும் நிக்குது. வறட்சி வந்தால் அந்தத் தீவில் மனிசருக்கே நல்ல தண்ணி இல்லை, குதிரைகள் தொட்டியைத் தேடி அலைஞ்சு செத்துப் போகும். அந்த வெயிலில் வீடியோவுக்காக மோட்டார் சைக்கிளில் துரத்தி அதுகளை ஓட வைக்கிறது, இருக்கிற கொஞ்சத் தண்ணியையும் வேர்வையாக வெளியில் எடுக்கிற வேலை. தூர நிண்டு பாருங்கோ. அதுகள் சும்மா மேயுறதே போதுமான அழகு.

கடைசியாக, லாயத்து அண்ணன்மாரைப் பற்றி. மேசன் வேலைக்கும் சமையலுக்கும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். நாங்கள் பழகின அண்ணன்மாரில் ஒருத்தரிடமும் குதிரை பராமரிப்புக்கு அப்படியொரு கடதாசி இல்லை. அறிவு இருக்கு, அதைக் காட்ட ஒண்டுமில்லை, அதனால் சம்பளம் கேட்க வாய் வராது. சுற்றுலாவைப் பற்றிப் பெரிசாகத் திட்டம் போடுறவர்கள் இதையும் அதில் சேர்க்க வேணும். குதிரைக்கு ஓய்வு நேரமும், பார்க்கிறவருக்குச் சான்றிதழும் சம்பளமும் ஒரே விதியில் வர வேணும். ஒன்றை விட்டு மற்றதைக் காப்பாற்ற ஏலாது.

அது வரைக்கும் எங்கட கையில் இருக்கிறது சின்ன விஷயங்கள்தான். அடுத்த பச் ரிப்பில் நுவரெலியா போனால் குதிரையின் பெயரைக் கேட்கிற மாதிரி, கயிற்றைப் பிடிச்சிருக்கிறவரின் பெயரையும் கேளுங்கோ. "டேய்" எண்டு கூப்பிடாதீங்கோ. பத்து நிமிசத்துக்குக் காசு கொடுத்தால், அதில் ஐந்து நிமிசம் இறங்கி நிண்டு அவரோட கதையுங்கோ. குதிரைக்கும் அந்த ஐந்து நிமிசம் ஓய்வு.