ஜன்னல் கதவு யார் கணக்கில்?



காற்றுக்காலம் வருமுன் ஜன்னலுக்குப் பலகைக் கதவு போடுங்கள் என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள். நல்ல புத்திதான். ஜன்னல் வழியே புகும் காற்று தகரத்தை அடியிலிருந்து தூக்கும். மேலே வைத்த கல்லும் பழைய டயரும் அப்போது நிற்காது. தடித்த பலகை, உள்ளே குறுக்குச் சட்டம், தகரத்தைக் கைமரத்தோடு பிடிக்கும் கொக்கி ஆணி, இவ்வளவும் வேண்டும்.

ஆனால் லயம் யாருடையது? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது லயங்களும் கூடவே போயின. ஒரு ஜன்னலை அகலமாக்கினால் "தோட்டச் சொத்து" என்று கடிதம் வருகிறது. கூரை பறந்தால் மட்டும் அது நம் வீடாகிவிடுகிறது! சொத்து அவர்கள் பொறுப்பென்றால் பலகையும் ஆணியும் பாஸ் கூலியும் அவர்கள் கணக்குத்தான்.

மண்சரிவு அபாயமுள்ள லயங்களின் கதை வேறு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் முன்பே எச்சரிக்கை இருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலையே லயங்களை மூடியது. அத்தகைய இடத்தில் எந்தக் கதவும் உதவாது. அங்கே நாம் கேட்பது பாதுகாப்பான காணியும் உறுதியும்.

தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் பழுதான ஜன்னல், தகரங்களைக் காம்பரா இலக்கத்தோடு எழுதித் துரையிடம் கொடுங்கள். பிரதியில் கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள்.