ஆயுத பூஜைக்குப் பொட்டு, மறுநாள் குப்பையா?



சரஸ்வதி பூஜை அன்னைக்கு பிள்ளைகளின் புத்தகத்தோடு லேப்டாப்பையும் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுகிறோம். இந்தக் காலத்தில் இதுவும் ஆயுதம்தான் என்று நாமே சொல்கிறோம். ஆனால் அதே வீட்டில் கேம் கண்ட்ரோலர் பிசியோடு ப்ளூடூத்தில் சேரவில்லை என்றால், பத்து நிமிஷம்கூடப் பார்ப்பதில்லை. "நீதான் உடைச்சிருப்பே" என்று பிள்ளைக்குத் திட்டு, பொருளுக்குக் குப்பைத்தொட்டி. இது என்ன நியாயம்?

அன்னதானம் முடிந்து இலை எடுக்கிற நேரத்தில்கூடப் பெற்றோர் கேட்கிறார்கள்: "தம்பி, சிம் லிம்ல எந்தக் கடையில புதுசு வாங்கலாம்?" புதுசு எதுக்குங்க? விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பொருளில் கோளாறே இருக்காது.

கண்ட்ரோலர் முன்பு சேர்ந்த சாதனத்தை நினைவில் வைத்திருக்கும். ஹாலில் இருக்கிற பிளேஸ்டேஷனோடு பழகியது, பட்டனை அமுக்கினால் அதைத்தான் தேடிப் போகும். அது விசுவாசம், கோளாறு இல்லை. முதலில் விண்டோஸின் ப்ளூடூத் பட்டியலில் பழைய பெயர் இருந்தால் நீக்குங்க. பிறகு கண்ட்ரோலரை அணைத்துவிட்டு, பிஎஸ்5 என்றால் கிரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து, விளக்கு வேகமாக மினுக்கும் வரை அமுக்கிப் பிடிங்க. பிஎஸ்4 என்றால் ஷேர் பட்டனும் பிஎஸ் பட்டனும். எக்ஸ்பாக்ஸுக்கு மேல் விளிம்பில் சின்ன பட்டன் தனியாக இருக்கு. பல வீட்டில் வேலை இதோடு முடிஞ்சிடும்.

2013ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலரில் ப்ளூடூத்தே கிடையாது. 2016ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வந்தபோதுதான் சேர்த்தார்கள். நடு பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் முன்பக்கத்தோடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேல்பக்கப் பட்டன்களோடு சேர்ந்த துண்டு என்றால் இல்லை. இல்லாததை மணிக்கணக்காகத் தேடிப் பிள்ளையைத் திட்டி என்ன பயன்? கேபிள் போடுங்க, ஓடும். கேபிள் போட்டும் ஓடலையா? சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிளாக இருக்கலாம். டேட்டா போகிற கேபிளை மாற்றிப் பாருங்க.

சேர்ந்து சேர்ந்து அறுந்து போகுதா? மேசைக் கம்ப்யூட்டரின் பின்னால் ஆண்டெனா மாட்டியிருக்கா என்று பாருங்க. சில வீட்டில் அது வாங்கின பெட்டிக்குள்ளேயே தூங்குது. ப்ளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பங்கு போடுகின்றன. அடுக்குமாடி வீட்டில் மேலே, கீழே, பக்கத்தில் எல்லாம் வைஃபை. தைப்பூசக் கூட்டத்தில் ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிதான். ப்ளூடூத் டாங்கிளை யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை ஒட்டிச் செருகியிருந்தால் அதுவும் இடைஞ்சல். சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்க.

"கோயில் தொண்டு செய்யறவருக்கு கேம் எதுக்கு?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு என் பதில் இது. சிங்கப்பூரில் வருஷத்துக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேருது. நம்ம குப்பையை எரித்த சாம்பல் போகிற செமாக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்லியிருக்கு. பல கண்ட்ரோலருக்குள் லித்தியம் பேட்டரி இருக்கு. குப்பைக் குழாயில் போட்டு அது நசுங்கினால் தீப்பிடிக்கக்கூடும். சோற்றைக் கீழே சிந்தாதே என்று பிள்ளைக்குச் சொல்கிற நாம், நல்லா இருக்கிற பொருளை அந்தப் பிள்ளை கண் முன்னாலேயே வீசினால் அது எதைக் கற்றுக்கொள்ளும்?

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. விற்பது அவர் தொழில். யோசிக்க வேண்டியது நாமதான். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, மேலே சொன்னதை ஒவ்வொன்றாக அவன் கையாலேயே செய்ய வையுங்க. சரியானால் அவனுக்கு ஒரு வித்தை வந்தது. வீண் திட்டும் மிச்சம், பணமும் மிச்சம். எல்லாம் செய்தும் உயிர் வரவில்லையா, அப்போது மின்கழிவு வாங்குகிற இடத்தில் கேட்டுக் கொடுங்க.

பொட்டு வைக்கத் தெரிந்த கைக்குப் பேணவும் தெரியணும். அதுதான் ஆயுத பூஜை.

முருகா சரணம்.