குழந்தைகளின் முகத்தை இழுக்காதீர்!



பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, ஆறாம் ஆண்டு மாணவர்களின் விடைபெறு விழா என எந்நிகழ்ச்சியாயினும் இன்று தமிழ்ப்பள்ளிகளில் ஒரு காணொளி உருவாகிவிடுகிறது. மகிழ்ச்சியே. ஆனால், அவற்றுள் பலவற்றில் நம் பிள்ளைகள் நசுக்கப்பட்டவர்கள்போல் தோன்றுவதேன்?

'திரையோரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் அழகில்லை' எனும் மூடநம்பிக்கையே காரணம்!

கணக்கைப் பாருங்கள். பழைய ஒளிநாடாக்களின் சட்டகம் 4:3. இன்றைய திரை 16:9. உருவம் சிதையாமல் வைத்தால் பழைய படம் 1920 × 1080 திரையில் 1440 புள்ளி அகலமே கொள்ளும். இருபுறமும் 240 புள்ளிகள் வெறுமையாகும். அதைப் பொறுக்காமல் இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு முகமும் மூன்றிலொரு பங்கு அகன்றுவிடும். கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த காட்சியை இழுத்தாலோ, முகம் தன் உயரத்தை நோக்க மும்மடங்குக்கும் மேல் அகலும்! வகுப்பில் வட்டம் வரையக் கற்பிக்கும் நாமே திரையில் அதை நீள்வட்டமாக்கிக் காட்டலாமா?

"அப்படியானால் வெட்டிவிடலாமே" என்பர் சிலர். 4:3 படத்தை வெட்டி நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு தொலையும். செங்குத்துக் காட்சியிலோ மூன்றிலொரு பங்குகூட மிஞ்சாது. குழுவாக நிற்கும் காட்சியில் பின்வரிசைத் தலைகள்தாம் முதலில் போகும். அவ்வரிசையில் நின்ற பிள்ளையின் தாய் திரையில் யாரைத் தேடுவாள்?

நம் ஜார்ஜ் டவுனில் 1929இல் பிறந்தவர் பி. ரம்லி. அவர் முதன்முதலாக இயக்கிய 'பெனாரிக் பெச்சா' 1955இல் வெளிவந்தது. ஏறத்தாழ 4:3 வடிவில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. அதை அகலத் திரைக்கு இழுத்தால் அக்கலைஞரின் முகமே மாறிப்போகும். வெட்டினால் அவர் அமைத்த காட்சி குறைபடும். மாபெரும் கலைஞருக்கு இழைக்கக்கூடாத அநீதியை ஏழு வயதுக் குழந்தைக்கு மட்டும் இழைக்கலாமா?

வழி எளிது. பெரும்பாலான தொகுப்பு மென்பொருள்களில் 'ஃபிட்', 'ஃபில்', 'ஸ்ட்ரெட்ச்' என மூன்று தேர்வுகள் உள்ளன. பெயர்கள் சற்று மாறலாம். முதலாவது முழுப் படத்தையும் சிதைக்காமல் அடக்கும். இரண்டாவது ஓரங்களை வெட்டும். மூன்றாவது உருவத்தைச் சிதைக்கும். முதலாவதையே தேர்ந்தெடுங்கள். பவர்பாயிண்டில் படத்தின் மூலையைப் பிடித்து அளவை மாற்றுங்கள். பக்கவாட்டுப் புள்ளியை இழுக்காதீர்கள். வெறுமை உறுத்தினால் பின்புலத்திற்கு ஒரு வண்ணம் கொடுங்கள். படம் பிடிக்கும்போதே கைப்பேசியைக் கிடையாகத் திருப்பினால் இத்தொல்லையே இராது.

இருபது ஆண்டுகள் கழித்து அக்காணொளியைத் திறக்கும் பிள்ளை தன் முகத்தையே தேடும். கறுப்புப் பட்டையை அளந்துகொண்டிராது. அம்முகத்தை உள்ளவாறே காத்துக் கொடுப்பது நம் கடமை.

சிந்திப்போம்!